சாய்கிற பக்கம் சாயும் ரயில்

போன மாசம் பஜ்ஜி மடித்து வந்த பழைய பேப்பர்த் துண்டு ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக்கூட்டி அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். 2022 நவம்பர் மாதத்துச் செய்தி. வளைவு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, வேகத்தைக் குறைக்காமல் போகும் ரயில்கள் இந்தியாவுக்கு வரப் போகின்றன. 2025-26க்குள் நூறு வந்தே பாரத் ரயில்களை அப்படித் தயாரிக்கத் திட்டம் என்று ரயில்வே சொல்லியிருந்தது. அதற்கு மேல் எண்ணெய் பரவி எழுத்து அழிந்து போயிருந்தது.

அம்மா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, ரயிலே சாயுமாமே. அதுல நான் ஏறலாமா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அம்மா கேட்டதால் முடியவில்லை. அவளுக்குக் கண்ணில் பிரஷர். இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் சென்னைக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். திருச்சியில் கண் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தங்கை வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்த டாக்டரிடம்தான் அம்மாவுக்கு நம்பிக்கை. நம்பிக்கையை யாராலும் டிரான்ஸ்ஃபர் செய்ய முடியாது.

இதில் இன்னொரு சிக்கல், அம்மாவுக்குத் தலைசுற்றல். பஸ் ஆகாது, கார் ஆகாது. ஒரு தடவை 'சீக்கிரம் போய்விடலாம்' என்று நான்தான் அடம்பிடித்து வாடகைக் காரில் ஏற்றினேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் நாலு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. வீடு திரும்பியதும், "இனிமே மெட்ராஸும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த இரண்டு முறை போகவில்லை. நாலு மாசம். அந்த நாலு மாசத்தில் இடது கண்ணில் ஓரமாகப் போன பார்வை போனதுதான். இந்த வியாதியில் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது, அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு ரயில் மட்டும்தான். ரயிலும் சாய ஆரம்பித்துவிட்டால்?

நான் படித்தது பி.காம். பௌதிகத்தோடு எனக்கு இருந்த உறவு பத்தாம் வகுப்போடு சுமுகமாக முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். முதலில் போனது பெரியப்பாவிடம்.

நூலும் ஸ்கேலும்

பெரியப்பா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, மேட்டாக ரிட்டையர் ஆனவர். ஜீயபுரம், எலமனூர், பெட்டவாய்த்தலை என்று காவிரியை ஒட்டிக்கொண்டே கரூர் வரை போகிற லைனைக் காலால் அளந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டார்.

"நீ சைக்கிள்ல திரும்பறப்ப என்ன பண்ணுவ?"

"பிரேக் பிடிப்பேன்."

"நாசமாப் போச்சு. உடம்பைச் சாய்ப்பியா மாட்டியா?"

சாய்ப்பேன். எல்லாரும் சாய்ப்போம். யாரும் சொல்லித் தரவில்லை. சாய்க்காவிட்டால் வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படுவோம் என்று உடம்புக்குத் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கரூர் ரோட்டில் வருகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். டிரைவர் வலது பக்கம் ஒடித்தால், இடது பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர் மடியில் போய் விழுவோம்.

ரயிலுக்கும் அதே கதைதான். அதனால் வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிட உயரமாகப் போடுகிறார்கள். இதற்கு 'கேண்ட்' என்று பெயர். தண்டவாளமே சாய்ந்திருப்பதால் அதன் மேல் போகிற ரயிலும் தானாகச் சாய்கிறது. நம் அகல ரயில்பாதையில் இந்த உயரம் அதிகபட்சம் 165 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஆறரை அங்குலம். ஆக, எல்லா ரயிலும் சாய்கிற ரயில்தான். நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

வளைவு எவ்வளவு வளைகிறது என்பதை எப்படி அளப்பார்கள் தெரியுமா? நான் ஏதோ பெரிய மெஷின் என்று நினைத்தேன். பெரியப்பா சிரித்தார். இருபது மீட்டர் நூல். வெளித் தண்டவாளத்தில் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள். 57 மில்லிமீட்டர் இருந்தால் அது 2 டிகிரி வளைவு. 875 மீட்டர் ஆரமுள்ள பிரமாண்ட வட்டத்தின் ஒரு துண்டு. ஒரு நூலையும் ஸ்கேலையும் வைத்துக்கொண்டு, தான் பார்க்கவே முடியாத ஒரு வட்டத்தை அளந்துவிடுகிறார் எங்கள் பெரியப்பா. பி.காம். படித்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டு வட்டிக் கணக்கு

அந்த 2 டிகிரி வளைவில் ஒரு ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு எந்தப் பக்கமும் இழுக்காமல் இருக்க, வெளித் தண்டவாளம் 157 மில்லிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். வேகத்தை 130 ஆக்கினால்? முப்பது சதவீதம்தானே கூடியிருக்கிறது, உயரத்தையும் முப்பது சதவீதம் கூட்டினால் போதும் என்று நினைத்தால், நீங்கள் கடன் வாங்கி மாட்டிக்கொள்ளும் ஜாதி. வெளியே தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். முப்பது சதவீத வேகத்துக்கு 69 சதவீத விசை. வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை நாலு மடங்கு. கூட்டு வட்டி மாதிரி.

சரி, தண்டவாளத்தை இன்னும் தூக்கிவிட்டால் என்ன? அங்கேதான் கூட்டுக் குடும்பப் பிரச்னை. அதே தண்டவாளத்தில்தான் சிமெண்ட் மூட்டை ஏற்றிய கூட்ஸும் ஐம்பதில் ஊர்ந்து வரும். சிக்னல் கிடைக்காமல் பாசஞ்சர் வளைவிலேயே நிற்கும். எக்ஸ்பிரஸுக்காகத் தண்டவாளத்தைத் தூக்கினால், மெதுவாகப் போகிற கூட்ஸ் உள்பக்கம் சாய்ந்து உள் தண்டவாளத்தைத் தேய்க்கும். நிற்கிற பாசஞ்சரில் மேல் தட்டில் வைத்த எவர்சில்வர் தூக்கு யார் தலையிலாவது இறங்கும். அதனால் வேகக்காரனுக்கும் சோம்பேறிக்கும் நடுவில் ஒரு சமரசமாகத்தான் உயரம் வைக்கிறார்கள். மிச்ச இழுப்பை வேகமாகப் போகிற ரயிலின் பயணிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமைக்கும் மில்லிமீட்டரில் கணக்கு உண்டு.

இதை முதலில் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வளைவில் ரயிலின் வேகத்தைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் 'கவிழ்ந்துவிடும்' என்ற பயமல்ல. கவிழ்கிற வேகம் இன்னும் எங்கேயோ மேலே இருக்கிறது. அதற்கு வெகு முன்பே நம் காப்பி கொட்டிவிடும், நடக்கிறவர் தடுமாறி விழுவார், குழந்தை அழும். ஆக, ரயிலின் வேகத்தைத் தீர்மானிப்பது காப்பி டம்ளர்.

இதைக் கவனித்தவர்கள்தான் 'தண்டவாளத்தைத் தூக்க முடியாவிட்டால் பெட்டியைத் தூக்குவோமே' என்று கிளம்பினார்கள். கீழே சக்கரம் தண்டவாளத்தோடு ஒட்டிப் போகட்டும். மேலே பயணிகள் உட்கார்ந்திருக்கும் பெட்டியை மட்டும் வளைவின் உள்பக்கமாக ஐந்து, எட்டு டிகிரி சாய்த்துவிடுவோம். காப்பி கொட்டாது. வேகத்தை இருபது, முப்பது சதவீதம் கூட்டலாம். புதிய பாதை போட வேண்டாம், நிலம் வாங்க வேண்டாம், மலையைக் குடைய வேண்டாம்.

ஒன்று மட்டும் மாறாது. தண்டவாளத்தின் மேல் விழுகிற விசை அப்படியே இருக்கும். வேகம் கூடியதால் அதுவும் கூடத்தான் செய்யும். பெட்டி சாய்வது பயணியின் சுகத்துக்கு, தண்டவாளத்துக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. எனவே சாயும் ரயில் லேசான எடையில் இருக்க வேண்டும், பாதை பழுதில்லாமல் இருக்க வேண்டும். "அப்ப நூல் பிடிக்கற ஆளுக்கு வேலை ஜாஸ்தின்னு சொல்லு" என்றார் பெரியப்பா. கரெக்ட்.

பெருமாளும் பெண்டோலினோவும்

பெட்டியைச் சாய்ப்பதில் இரண்டு கட்சி. ஒன்று, தானே சாயும் கட்சி. பெட்டியை அதன் எடை மையத்துக்கு மேலே தாங்கிப் பிடித்து, ஊஞ்சல் மாதிரி விட்டுவிட்டால், வளைவில் அதன் அடிப்பாகம் வெளியே போகும், பெட்டி உள்பக்கம் சாயும். மோட்டார் இல்லை, மூளை இல்லை. ஸ்பெயின் நாட்டு டால்கோ கம்பெனி 1980-ல் இப்படி ஒரு ரயிலை ஓட்டியது. ஜப்பான் அதற்கும் முன்பே, 1973-ல், நகோயாவிலிருந்து நகானோ போகும் மலைப் பாதையில் ஓட்டிவிட்டது.

இன்னொன்று, சாய்க்கும் கட்சி. வளைவு வந்ததை உணர்கிற கருவி ஒன்று உத்தரவு கொடுக்க, ஹைட்ராலிக் ஜாக்கிகள் பெட்டியைத் தூக்கிச் சாய்க்கும். இத்தாலியின் ஃபியட் கம்பெனி எழுபதுகளில் இதைச் செய்து பார்த்து, 1976-ல் ஒரு ரயிலை ஓடவிட்டது. 1988-ல் ரோமுக்கும் மிலானுக்கும் இடையில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் முழு மூச்சாக இறங்கியது. 'பெண்டோலினோ' என்று செல்லப் பெயர். ஸ்வீடன் 1990-ல் எக்ஸ்-2000 என்று தன் பங்குக்கு ஒன்று விட்டது.

இந்த இரண்டாவது கட்சியின் தத்துவம் எனக்குப் புரியாமலே இருந்தது. பெரியப்பாதான் ஜீயபுரத்து உதாரணம் ஒன்றைச் சொல்லி விளக்கினார்.

பங்குனி மாசம் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து பல்லக்கில் எங்கள் ஜீயபுரத்துக்கு எழுந்தருள்வார். ஆற்றோடு போன பேரனுக்காக அழுத கிழவிக்கு, பெருமாளே பேரனாக வந்து பழைய சாதம் சாப்பிட்டார் என்று கதை. அந்தப் புறப்பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லக்கைத் தூக்குகிறவர்கள் மேட்டில் ஏறும்போது முன்னால் இருப்பவர்கள் தணித்துப் பிடிப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் உயர்த்திப் பிடிப்பார்கள். திரும்பும்போது ஒரு பக்கத்துத் தோள் இறங்கும், இன்னொரு பக்கம் ஏறும். கீழே ஆற்று மணல், மேடு, பள்ளம், வாய்க்கால் கரை. மேலே பெருமாள் அசங்காமல் வருவார். சாத்தியிருக்கிற மாலைகூடக் கலையாது.

"இதைத்தானடா அவன் இத்தாலியில பண்ணியிருக்கான். தூக்கற ஆளுக்குப் பதிலா ஜாக்கி. பெருமாளுக்குப் பதிலா பாசஞ்சர்" என்றார்.

ஃபியட் கம்பெனிக்காரர்கள் பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரு தடவை பங்குனியில் ஸ்ரீரங்கம் வந்திருக்கலாம்.

வெள்ளைக்காரன் வாந்தி எடுத்த கதை

அம்மாவின் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கட்டம் இனிமேல்தான் வருகிறது. பிரிட்டிஷ் ரயில்வே எழுபதுகளில் ஏ.பி.டி. என்று ஒரு சாயும் ரயிலைத் தயாரித்தது. 9 டிகிரி வரை சாயும். 1979 டிசம்பரில் மணிக்கு 261 கிலோமீட்டர் வேகம் தொட்டு அந்த நாட்டில் ரிக்கார்டே வைத்தது. 1981 டிசம்பர் 7-ம் தேதி பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு நாலே கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. எவ்வளவு பெரிய சாதனை! மறுநாள் பேப்பரில் வந்தது என்ன? குமட்டல், தலைசுற்றல் என்ற புகார்கள். முதல் நாள் ராத்திரி விருந்தில் நிருபர்கள் குடித்த சரக்குதான் காரணம் என்று ரயில்வே தரப்பில் சொன்னதாக இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். சில நாட்களில் குளிரில் பிரேக் உறைந்தது, சாயும் கருவி மக்கர் செய்தது. வண்டியைப் பொதுமக்கள் சேவையிலிருந்து விலக்கினார்கள். பிறகு சரிசெய்து ஓட்டிப் பார்த்தும் கௌரவம் மீளவில்லை.

சரக்கைப் பழி சொல்வது சுலபம். உண்மைக் காரணம் வேறு. அந்த ரயில் தன் வேலையை ரொம்ப நன்றாகச் செய்துவிட்டது! வளைவின் இழுப்பை நூற்றுக்கு நூறு ஈடுகட்டும்படி சாய்ந்தது. அதனால் உள்ளே இருப்பவரின் உடம்பு, 'நாம் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லும். ஜன்னல் வழியாகப் பார்க்கிற கண்ணோ, 'ஐயையோ, வயலும் வரப்பும் வானத்துக்கு ஏறுகிறதே' என்று சொல்லும். காதுக்குள் நம்மை நிலைநிறுத்துகிற ஒரு கருவி இருக்கிறதல்லவா, அதற்கும் கண்ணுக்கும் சண்டை. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால் வீட்டில் யாருக்கு அவஸ்தையோ, அது மாதிரி இந்தச் சண்டையில் அவஸ்தை வயிற்றுக்கு.

ஜப்பானிலும் இதே தொல்லை. தானே சாயும் ரயில் வளைவு ஆரம்பித்துக் கொஞ்சம் தாமதமாகச் சட்டென்று சாய்ந்து, வளைவு முடிந்தபின் சட்டென்று நிமிர்ந்தது. பயணிகள் பையைத் தேடினார்கள். ஆனால் ஜப்பான்காரர்கள் விடவில்லை. இந்தப் பாதையில் எந்த இடத்தில் என்ன வளைவு என்பது மாறப் போவதில்லையே, அதை ரயிலின் கம்ப்யூட்டரில் மனப்பாடம் பண்ண வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். வளைவு வருவதற்குச் சற்று முன்பிருந்தே மெல்ல மெல்லச் சாய வைத்தார்கள். 1989-ல் ஷிகோகு தீவில் ஓடத் தொடங்கிய ரயில்கள் இந்த ரகம். மற்ற நாட்டுக்காரர்கள் இன்னொரு பாடம் கற்றார்கள்: நூற்றுக்கு நூறு சாய்க்காதே. கொஞ்சம் இழுப்பை மிச்சம் வை. கண் பார்ப்பதற்கும் உடம்பு உணர்வதற்கும் ஓரளவு ராசி இருக்கட்டும். முழுக்க ஏமாற்றினால் உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது. அரைகுறையாக ஏமாற்றினால் ஒத்துக்கொள்கிறது. இதில் ஏதோ வாழ்க்கைத் தத்துவம் இருக்கிற மாதிரித் தோன்றுகிறது. கல்யாணமானவர்கள் சொல்லலாம்.

பிரிட்டன் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஏ.பி.டி. ஓடிய அதே லண்டன் - கிளாஸ்கோ பாதையில் 2004-லிருந்து சாய்ந்துகொண்டு ஓடுவது இத்தாலியப் பெண்டோலினோ குடும்பத்து ரயில்.

பெரம்பூரும் ஸ்விட்சர்லாந்தும்

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2016-ல் டால்கோ கம்பெனி ஸ்பெயினிலிருந்து ஒன்பது பெட்டிகளைக் கொண்டுவந்து இங்கே ஓட்டிக் காட்டியது. முதலில் பரேலி - மொராதாபாத், பிறகு மதுரா - பல்வல், அங்கே மணிக்கு 180 கிலோமீட்டர். கடைசியாக டில்லியிலிருந்து மும்பைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். நம் இன்ஜின், நம் தண்டவாளம், அவர்கள் பெட்டி. எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்டர் கொடுக்கவில்லை.

அதற்குப் பதிலாகச் சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் சுதான்ஷு மணி ஜெனரல் மேனேஜராக இருந்தபோது பதினெட்டே மாதத்தில் 'ட்ரெயின் 18' என்று ஒன்றைக் கட்டினார்கள். 2018 கடைசியில் சோதனை ஓட்டத்தில் அதுவும் 180-ஐத் தொட்டது. அதுதான் 2019 பிப்ரவரி 15-ல் டில்லி - வாரணாசி வந்தே பாரத் ஆனது. திருச்சி வழியாகச் சென்னை - நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24-லும், சென்னை - நாகர்கோவில் 2024 ஆகஸ்ட் 31-லும் வந்தன. இவற்றில் தனி இன்ஜின் கிடையாது. பாதி அச்சுகளில் மோட்டார் பரவலாக இருப்பதால் கிளம்பினதும் சட்டென்று வேகம் பிடிக்கும், சட்டென்று நிற்கும். ஆனால் சாயாது. நம் பக்கம் ஓடுகிற வந்தே பாரத் எதுவும் சாயாது. அம்மா அதில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். பஜ்ஜிப் பேப்பரைக் கேட்டுவிட்டு, ஒருவேளை இதுவும் சாய்ந்திருக்குமோ என்று போன பயணத்துக்கு இப்போது தலைசுற்றப் பார்த்தாள்.

ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வைத்தது. அன்றைக்குப் பெட்டி கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள். 2017-ல் இந்தியா சாயும் ரயிலுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டதே, அதுவும் அதே ஸ்விட்சர்லாந்தோடுதான். மலைநாடு, வளைவுகளோடு குடித்தனம் பண்ணியே தீர வேண்டிய ஜனங்கள். 2000-லிருந்து சாயும் ரயில் விட்டவர்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்விஸ் ரயில்வே தன் புதிய இரட்டை மாடி ரயில்களில் வளைவில் வேகமாகப் போவதற்காக வைத்த ஏற்பாட்டை, 'செலவுக்கும் சிரமத்துக்கும் கட்டுப்படியாகவில்லை, வேண்டாம்' என்று 2022-ல் கைவிட்டுவிட்டது. குரு பாடத்தை விட்ட வருஷம்தான், நாம் நூறு ரயில் விடப் போவதாக அறிவித்தோம்.

நான் போட்ட பேலன்ஸ் ஷீட்

அம்மாவுக்கு விடை சொல்லும் முன்னால், என் படிப்புக்கு மரியாதையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிலோமீட்டர் நீள வளைவு. மணிக்கு 100-ல் கடந்தால் 36 விநாடி. சாயும் ரயில் 130-ல் கடந்தால் சுமார் 28 விநாடி. மிச்சம் எட்டு விநாடி. வளைவுக்காக பிரேக் போட்டுப் பிறகு வேகம் எடுக்கிற நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். நூறு வளைவு இருக்கிற பாதையில் பதினாலு, பதினைந்து நிமிஷம் மிச்சம். அடுக்கடுக்காக வளைவு இருக்கிற மலைப் பாதையென்றால் சாயும் ரயில் வரவு வைக்கும். நேர்கோட்டில் அதன் வரவு பூஜ்யம். ஜாக்கிகளையும் சென்ஸார்களையும் சும்மா சுமந்துகொண்டு போகும். திருச்சி - சென்னை பாதையின் பெரும்பகுதி சமவெளி. அங்கே மிச்சமாவது சில நிமிஷங்கள்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சென்னையிலிருந்து நெல்லை வரை சுமார் 650 கிலோமீட்டர். வந்தே பாரத் எட்டு மணிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும்படிதான் விட்டார்கள். சராசரி மணிக்கு 83. தொடக்கூடிய வேகம் 160 என்று கட்டிய வண்டி! மிச்ச வேகம் எங்கே போயிற்று? பாதையின் வேக வரம்பு, ஸ்டேஷன் நெருக்கடி, நிற்கிற இடங்கள், முன்னால் போகிற வண்டி. வளைவு இதில் ஒரு பங்குதான்.

எங்கள் ஜீயபுரம் ஒற்றை லைன். பாசஞ்சருக்கு எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் இது ஒதுங்கி நிற்க வேண்டும். அதில் ஒரே ஒரு தடவை நின்றால் பதினைந்து நிமிஷம். நூறு வளைவில் சாய்ந்து சாய்ந்து சம்பாதித்ததை ஒரு கிராஸிங்கில் செலவழித்துவிடலாம். 2020-ல் பாசஞ்சர் வண்டிகள் நின்றுபோய், திரும்பி ஓட ஆரம்பித்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணமாகக் குறைந்தபட்சம் முப்பது ரூபாய் ஆகி, 2024 பிப்ரவரியில்தான் மறுபடி பத்து ரூபாய்க்கு வந்தது. தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிற எங்கள் ஊர் ஜனங்களுக்கு அந்த இருபது ரூபாய் வித்தியாசம், ஜப்பான் ரயில் சாய்கிற டிகிரியைவிட முக்கியமான கணக்கு.

சாயும் ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும். கொங்கண் மாதிரி வளைவும் குகையுமாக இருக்கிற பாதைகளுக்கு வரட்டும். ஆனால் அதற்கு முன்னால் நூல் பிடிக்கிற ஆட்களும், இரண்டாவது லைனும் வரட்டும். சாயும் ரயில் கேட்பதே பழுதில்லாத பாதையைத்தான். பழுதில்லாத பாதை வந்துவிட்டால் சாயாத ரயில்களுக்கும் வேகம் வரும்.

தீர்ப்பு

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏறலாம்மா. ஒன்னும் ஆகாது. இப்ப வர்றதெல்லாம் மெதுவாத்தான் சாயும். ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாம். வண்டி போற திசையைப் பார்த்து உக்காரு. கண்ணை மூடிக்கோ. கண்ணும் காதும் சண்டை போட்டாத்தான் தலை சுத்தும். கண்ணை மூடிட்டா சண்டை பாதி குறைஞ்சிடும்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கண்ணைக் காட்டறதுக்குத்தானேடா மெட்ராஸ் போறேன். போற வழியெல்லாம் மூடிண்டே போகணுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இடது கண் ஓரத்தில் அவளுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். நேரே இருப்பது தெரிகிறதாம். பக்கத்தில் வருகிற ஆள் திடீரென்று முளைத்த மாதிரி வருகிறானாம். ரயிலில் நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம்தான் உட்கார்வேன். அங்கே நான் இருப்பது அவளுக்குத் தெரிவதே இல்லையாம். "நீ பேசினாத்தான் இருக்கேன்னு தெரியும். நீ எங்க பேசற, பேப்பரைப் படிச்சிண்டிருப்ப."

அடுத்த வாரம் சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வேகமான ரயில், மெதுவான ரயில், சாய்கிற ரயில் எதுவானாலும் சரி, இந்தத் தடவை வலது பக்கம் உட்காரப் போகிறேன். தலை சுற்றினால் ரயில் சாய வேண்டாம், அவள் என் தோளில் சாய்ந்துகொள்ளட்டும்.

பஜ்ஜிப் பேப்பரைத் தூக்கிப் போட மனசில்லை. மடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். எண்ணெய்க் கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"ஜீயபுரத்துல நிக்குமா?"